ஆள் மாறி ஏறிய ரயில்

"ஏறு... ஏறுங்கறேன்ல! உன் ஒருத்திக்காக ரயில் நிக்குமா?"

யாரோ ஒருவன் பின்னாலிருந்து தோள்பையோடு சேர்த்து அவளை அலாக்காகத் தூக்கிப் படியில் ஏற்றினான். யோலானா திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. விசில் கேட்டது. பிர்னோ நிலையத்தின் நனைந்த தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர ஆரம்பித்தன.

அவள் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ரயில் கிடைத்துவிட்டதே... டிராம் தாமதமாகி, மழையில் ஓடி, இனி கிடைக்காது என்று முடிவே கட்டிவிட்ட ரயில். ஏற்றிவிட்டவன் ரயில்வே ஆளாக இருப்பான் என்று நினைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"டோனட் வாங்கறதுக்கு இதுதான் நேரமா? எத்தனை தடவை சொன்னேன், என் பக்கத்துலயே நில்லுன்னு..."

டோனட்டா?

யோலானா மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

எதிரே நின்றவனுக்கு நாற்பதைத் தொடுகிற வயது. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. சாம்பல் கலந்த பச்சைக் கண்கள்... மழைக்குக் காத்திருக்கும் ஏரியின் நிறம். யோலானாவுக்குக் கண்கள் என்பது வேலை. பிர்னோவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. நிறத்தைப் பார்த்து மயங்குகிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். ஆனாலும் அந்தக் கண்களில் கோபம் வடிந்து திகில் ஏறியதை அவள் மிக அருகிலிருந்து பார்த்தாள்.

"நீ... நீங்க யாரு?"

"டிக்கெட் எடுத்த பயணி. நீங்க?"

அவன் ஜன்னலுக்குப் பாய்ந்தான். நழுவிக்கொண்டிருந்த நடைமேடையின் கோடியில், இவள் போட்டிருந்ததைப் போலவே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு நின்றது. கையில் காகிதப் பை. கோட்டுக்குள் இருந்த சிறுமி கத்தவில்லை, ஓடி வரவில்லை... ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அபோலேனா..." என்றான் அவன். கண்ணாடி ஜன்னலில் அவன் மூச்சு புகையாகப் படிந்தது.

அவன் பெயர் ஹினெக். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லித்தருபவன். அடுத்த பெட்டியில் அவனுடைய வகுப்பு மொத்தமும் ஒலோமோட்ஸ் நகரச் சுற்றுலாவுக்காக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. நடைமேடையில் நின்றுபோனவள் அந்த வகுப்பு மாணவிதான். அவனுக்கு மகளும் கூட. இதெல்லாம் அவன் போனில் பேசியதிலிருந்து யோலானாவுக்குத் தானாகவே புரிந்தது.

"அங்கயே நில்லு... அடுத்த ரயில்ல ஏறிடு. நான் ஒலோமோட்ஸ் ஸ்டேஷன்லயே காத்திருக்கேன். என்னது? கேக்கல, சத்தமா சொல்லு..."

போனைக் காதிலிருந்து எடுத்தான். மறுமுனை துண்டித்துவிட்டது.

"என்ன சொன்னா?"

"'அவங்க யாரு'ன்னு கேட்டா." அவன் முகம் வெளுத்திருந்தது. பிறகு, யார் மீதாவது கோபப்பட்டாக வேண்டும் என்பது போல, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றான்.

"நீங்க ஒரு மூச்சு விட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"முதுகைப் பாத்தா அப்படியே..."

"இது முப்பத்திரண்டு வயசு முதுகு. உங்களுக்குப் பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி தெரிஞ்சா அதுக்கு நான் பொறுப்பில்ல."

அவன் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். யோலானா தன் இருக்கையைத் தேடவில்லை. கதவருகிலேயே நின்றாள். அவள் குற்றம் எதுவும் செய்யவில்லைதான். இருந்தும்... அந்தக் குழந்தை ஏற வேண்டிய படியில் அவள் ஏறியிருந்தாள்.

*

இப்படித் தனியாக ஊர் சுற்றுவது யோலானாவுக்குப் பழக்கம். எப்போதாவது சனிக்கிழமை ஒரு ரயில் பிடிப்பாள். ஒரு ராத்திரி தங்குவாள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவாள். யாரும் ஏமாற்றிவிட்டுப் போனதால் வந்த தனிமை இல்லை அது. இரண்டு காதல்கள் வந்தன, பெரிய சண்டை எதுவும் இல்லாமல் தீர்ந்தன. அவ்வளவுதான். 'உன்கூட இருந்தா வெளியூர்ல இருக்கற மாதிரி இருக்கு' என்று இரண்டாமவன் சொன்னது மட்டும் ஏனோ நினைவில் தங்கிவிட்டது.

உச்சிவேளைக்கு அவள் ஒலோமோட்ஸ் நகர மன்றத்துக் கடிகாரத்தின் முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். கடிகாரத்துக்குள் பொம்மைத் தொழிலாளிகள் வரிசையாகச் சுற்றிவந்தார்கள். கடைசியில் சேவல், ஜலதோஷம் பிடித்தது போல இழுத்து இழுத்துக் கூவியது. குழந்தைகள் சிரித்தார்கள்.

"ஓ... இவங்கதான் நானா?"

பக்கத்தில் ஒரு மஞ்சள் கோட்டு. மூக்கு முழுக்கப் பொட்டுப் பொட்டாக மச்சம். அடுத்த ரயிலில் வந்து சேர்ந்த மகள், யோலானாவை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்துகொண்டிருந்தாள். பின்னால் ஹினெக்.

"அப்பா, நான் இவ்வளவு குள்ளமா?"

"அபோலேனா!"

"சும்மா கேட்டேன். ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னீங்களே... சரிபாத்துக்கறேன்." யோலானாவிடம் திரும்பினாள். "ரயில்ல என் இடம் சௌகரியமா இருந்துச்சா?"

"நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

"பாவம். அப்பா அழுதாரா?"

"முகம் வெளுத்துப்போச்சு."

"அழுதாரான்னு கேட்டேன்."

"...அழல."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் தோழிகளிடம் போய்விட்டாள்.

"பதிமூணு வயசு," என்றான் ஹினெக், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"நாக்குக்கு முப்பது இருக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கண்ணோரம் சுருங்குகிற ஆள். ஆனால் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தபோதும் அதே சுருக்கம் விழுந்தது. அதை யோலானா கவனித்தாள். சிரிப்பில் விழும் சுருக்கம் வேறு. தெரியாததைப் பார்க்க முயலும்போது விழும் சுருக்கம் வேறு.

"அந்த சேவல் என்ன நிறம்?" என்று கேட்டாள், சாதாரணமாக.

அவன் மேலே பார்க்கவே இல்லை. "உங்களுக்கு என்ன வேலை?"

"கண்ணு பாக்கறது."

"லீவு நாள்லயுமா?"

கேள்வியில் சிரிப்பு இருந்தது. முகத்தில் இல்லை. "வர்றேன், பசங்க காத்திருக்காங்க," என்று விறுவிறுவென்று நடந்தவன், நடைபாதை விளிம்பு தெரியாமல் ஒரு முறை தடுக்கினான்.

*

சாயங்காலம் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவள் நுழைந்த பீர்க்கடையில் ஒரு மேசை கூட முழுசாகக் காலியில்லை. பரிமாறுகிறவர் அவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், "இங்க ஒருத்தர் தனியாத்தான் இருக்கார், உக்காருங்க," என்று விட்டுவிட்டார்.

தனியாக இருந்தவன் நிமிர்ந்தான். ஹினெக். அவன் முன்னால் தட்டில் அந்த ஊர் சீஸ்... மூன்று மேசை தள்ளியே மூக்கைப் பிடிக்க வைக்கிற சங்கதி.

"பசங்க?"

"கூட வந்த டீச்சர் பாத்துக்கறாங்க. என் பொண்ணு என் மூஞ்சியப் பாக்க இஷ்டமில்லைன்னுட்டா. அதனால எனக்கு ஒரு மணி நேரம் லீவு." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "மன்னிக்கணும். இதைச் சாப்பிடறவன் யாரையும் மயக்கற எண்ணத்தோட வரலன்னு அர்த்தம்."

யோலானா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். "எனக்கும் இதே ஒண்ணு. வெங்காயம் நிறைய போட்டு."

"தைரியம்தான்."

"ரெண்டு பேரும் சாப்பிட்டா யாருக்கும் நாத்தம் தெரியாது."

பீர் வந்தது. அவள் கோப்பையை உயர்த்தினாள். "'நீ'ன்னே பேசலாம். காலையில ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டாச்சே... அதுவும் திட்டி."

"ஹினெக்," என்று அவன் கோப்பையை முட்டினான்.

"யோலானா."

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக ஓடியது. அபோலேனாவின் அம்மா மறுமணம் செய்துகொண்டு பார்துபிட்சே என்ற ஊரில் இருப்பதைச் சொன்னான். மகள் மாறி மாறி இரண்டு வீட்டிலும் வளர்வதைச் சொன்னான். மழை ஜன்னலில் கோடு கோடாக இறங்கியது. ஒரு கட்டத்தில் அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டே நிறுத்தினான்.

"சேவல் என்ன நிறம்னு கேட்டியே. தெரியல."

"தெரியும்... உனக்குத் தெரியலங்கறது."

"கடைசி பெஞ்சு எனக்கு வெறும் மங்கல்தான். குரலை வெச்சுத்தான் யாருன்னு சொல்றேன். இன்னைக்கு பிளாட்பாரத்துல மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சுது. பாக்கி எல்லாம் நானே முடிவு பண்ணிக்கிட்டேன்."

"ஒரு கண்ணாடி போட்டா தீர்ந்தது. ஏன் போடல?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "எங்கப்பா ரயில் ஓட்டினவர். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு கண்ணும் போச்சு. கடைசியில என் கல்யாணத்துல என்னையே தடவிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சார். பரம்பரையா வரும்னு சொல்றாங்க. பரிசோதனைக்குப் போனா என்ன சொல்வாங்களோ... போகாத வரைக்கும் யாரும் எதுவும் சொல்லலைல்ல?"

"போகாம இருந்தா சொல்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. சீக்கிரம் தெரிஞ்சா சொட்டு மருந்துல நிறுத்தலாம், ஹினெக்."

"போறேன். எப்பவாவது. ஆனா அபோலேனாவுக்குத் தெரியக்கூடாது. அவ தாத்தாவப் பாத்து வளர்ந்தவ... பயந்துருவா. உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

'சொல்ல மாட்டேன்' என்று அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் டிராம் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றார்கள். அவள் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன?"

"இந்த தூரத்துல எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது," என்றான் மெதுவாக.

கிட்டப்பார்வை உள்ளவனுக்குக் கிட்டே இருப்பது தெளிவாகத் தெரியும். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, அவள் படித்த முதல் பாடம் அது. ஆனாலும் டிராம் வந்து, அவள் ஏறி, கதவு மூடின பிறகும்... அந்தத் துளியை அவள் துடைக்கவில்லை.

*

ஞாயிறு காலை பேராலயத்துக்குப் போனாள். வெளியே வந்து நீரூற்றுகளைச் சுற்றினாள். எங்கே போனாலும் கூட்டத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிற ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருப்பதை அவளே கவனித்துவிட்டாள். 'சே, இது என்ன புத்தி' என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

சதுக்கத்தில் உயர்ந்து நின்ற திரித்துவத் தூணின் படிகளில் அபோலேனா தனியாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பு சதுக்கத்தின் மறுபக்கம் ஐஸ்கிரீம் வண்டியைச் சூழ்ந்திருந்தது.

"உனக்கு ஐஸ்கிரீம் வேணாமா?"

"அவர் வாங்கித் தர்றது வேணாம்." கொஞ்ச நேரம் ஷூ நாடாவை இழுத்தாள். "நாளைக்கு அம்மாகிட்ட சொல்லப்போறேன். இனிமே அங்கயே இருந்துக்கறேன்னு."

"ஒரு ரயிலுக்காகவா?"

"ரயிலுக்காக இல்ல." குரல் உடைந்தது. "பள்ளிக்கூடத்துல கூட என் பக்கம் பாக்க மாட்டார். நான் வாசல்ல நின்னு கையாட்டுவேன்... பாத்துக்கிட்டே போயிடுவார். அம்மா போனதுலருந்து அப்படித்தான். இப்ப எனக்குப் பதிலா வேற யாரையோ கூட்டிட்டே போயிட்டார். அவருக்கு வித்தியாசமே தெரியல."

யோலானா அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடாதவள். வாக்கும் கொடுத்திருந்தாள். எழுந்து போயிருக்கலாம், மத்தியான ரயில் கூட இருந்தது. இந்தக் குழந்தை நாளைக்கு பார்துபிட்சேவுக்குப் போய்விடும்... கையாட்டியது தெரியாததால் ஒருவன் தன் மகளை இழப்பான்.

"அபோலேனா... நீ கையாட்டினது அவருக்குத் தெரியல. பாக்காம இல்ல. தெரியல. அவருக்குத் தூரத்துல எதுவுமே தெரியாது."

சிறுமி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். யோலானா தடுப்பதற்குள் சதுக்கத்தின் நடுவில் போய் நின்று, கையை உயர்த்தி விரல்களை விரித்தாள்.

"அப்பா! இது எத்தனை?"

ஐஸ்கிரீம் வண்டியருகே ஹினெக் திரும்பினான்.

"எத்தனைன்னு சொல்லுங்க அப்பா!"

வகுப்பு மொத்தமும் அவனைப் பார்த்தது. அவன் கண்களைச் சுருக்கினான். வாயைத் திறந்தான், மூடினான். யாரோ ஒரு பையன் அடக்க முடியாமல் சிரித்தான். அபோலேனாவின் கை மெல்லக் கீழே இறங்கியது... அவள் ஓடினாள். ஓடிப்போய் அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மகளின் தலையைத் தடவிக்கொண்டே அவளோடு படிகளருகே வந்தவன், யோலானாவின் முன்னால் நின்றான்.

"ரொம்ப நன்றி," என்றான். "நீங்க உங்க வேலையைச் சரியா செஞ்சுட்டீங்க. லீவு நாள்னு கூடப் பாக்காம."

நீங்க.

ஒரு சொல்லால் ஓர் ஆளைத் தெருவில் நிறுத்திவிட முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவனுக்கு அது தெரியப்போவதில்லை என்று நினைத்தபோது, சம்பந்தமே இல்லாமல் கண் கலங்கியது.

*

மத்தியான ரயிலை அவள் பிடிக்கவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வகுப்பு வேறு பெட்டியில் ஏறியது காதில் விழுந்தது. ஒலோமோட்ஸின் கோபுரங்கள் மழைக்குள் மங்கி மறைந்தன.

"இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?"

அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் பையை எதிர் இருக்கையிலிருந்து எடுத்தாள். உட்கார்ந்தான்.

"நாளைக்குக் காலையில அவளே டாக்டருக்கு போன் பண்ணப்போறாளாம். என்னை நம்ப முடியாதாம்," என்றான். "'முதல்லயே சொல்லியிருந்தா கையப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேனே, லூசு'ன்னா. பெத்த அப்பனை லூசுங்கறா."

"தப்பில்லையே."

"தப்பில்ல." கைகளைக் கோத்துக்கொண்டான். "பார்துபிட்சே போற பேச்சு போயிடுச்சு. மன்னிச்சிட்டியான்னு கேட்டேன். யோசிக்கறாளாம்."

"நான் வாக்கை மீறினேன். அதுக்கு என்னைத் திட்டலாம்."

"காலையில திட்டிட்டேனே. பசங்க சிரிச்சதும் எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. பதிமூணு வயசுப் பொண்ணு அழுதுக்கிட்டு நிக்கறா, நான் என் மானத்தைப் பாத்தேன்." நிறுத்தினான். "அப்புறம் நீ போயிட்டே. சதுக்கம் நிறைய ஆளுங்க. எனக்கு ஒரு முகம் கூடத் தெரியல... ஆனா அதுல போறது நீதான்னு மட்டும் தெரிஞ்சுது. கடைசி வரைக்கும் தெரிஞ்சுது. இத்தனை வருஷத்துல அப்படி ஒண்ணு நடந்ததில்ல, யோலானா. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ, தெரியாது. தெரியறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு வந்தேன்."

நல்ல கண்களா, கெட்ட கண்களா என்று அவள் பார்க்கவில்லை. முதல் முறையாக ஒருவனின் கண்களை, அதில் என்ன குறை என்று தேடாமல் பார்த்தாள்.

"நான் ஊர் சுத்திப் பாக்க வந்தேன்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பேராலயத்துக்குள்ள போனேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா தெரியாது. நீரூத்து எல்லாத்தையும் சுத்தினேன். ஒண்ணு கூட ஞாபகமில்ல. எந்த ஊருக்குப் போனாலும் எல்லாத்தையும் பாத்துட்டு வர்றவ நான்... இந்த ஊர்ல ஒண்ணுமே பாக்கல, ஹினெக். உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நேத்தும். இன்னைக்கும். மத்தியானம் ரயில் இருந்துச்சு... அதுல போக மனசு வரல."

அவன் கை ஜன்னலோரச் சின்ன மேசைக்கு மேலே வந்து அவள் கையைத் தொட்டு, தயங்கி, பிடித்துக்கொண்டது.

பெட்டியின் கதவு திறந்தது. அபோலேனா இருவரையும் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள். அங்கே நிற்பதா போவதா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. ஒரு விநாடி, யாரும் கூப்பிடாவிட்டால் திரும்பிப் போய்விடுகிற குழந்தையின் முகம் அது.

யோலானா ஜன்னலோரத்திலிருந்து எழுந்தாள்.

"வா, அபோலேனா," என்றாள். "இது உன் இடம்."